நான்கு பேய்க்கதைகளும் தோழர்கள் சொன்ன அபிப்பிராயங்களும்

(ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தோழர்களிடையே பேசியதின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பேய். பேய் உண்டா இல்லையா என்று தர்க்கம் செய்ய நாம் வரவில்லை. அந்தத் தர்க்கம் உங்களுக்குப் பழகிப்போனது. பேய்ப் படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் என்ன அபிப்பிராயம் சொல்லுகிறார்கள், அந்த அபிப்பிராயம் எவ்வளவு தூரம் சரி என்பதைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

2020-ம் வருஷம் ஜனவரி மாதம் 1-ந் தேதி நெட்பிளிக்ஸ் கம்பெனியார் "கோஸ்ட் ஸ்டோரீஸ்" என்று ஒரு இந்திப் படம் வெளியிட்டார்கள். ஒரே படத்துக்குள் நான்கு பேய்க்கதைகள். சோயா அக்தர், அனுராக் காஷ்யப், திபாகர் பானர்ஜி, கரண் ஜோஹர் என்னும் நால்வர் ஆளுக்கொரு கதையாக எடுத்தது. இதைப் பார்க்கக் கொட்டகைக்குப் போக வேண்டியதில்லை. மில்லில் ராத்திரி ஷிப்டு முடித்துவிட்டு வரும் நம் ராஜபாளையத்து வாலிபர்கள் செல்போனிலேயே, கீழே ஓடும் எழுத்தைப் படித்துக்கொண்டு பார்த்துவிட்டார்கள். இந்தியைத் திணித்தால் கொடி பிடிக்கிற நம்மவர்கள் பேயை மாத்திரம் இந்தியிலேயே வரவேற்றிருக்கிறார்கள்! போகட்டும்.

அவர்களிடம் விசாரித்தோம். ஒருவர், "பயமே வரவில்லை, நேரம் தண்டம்" என்றார். மற்றொருவர், "முதல் கதையும் மூன்றாவது கதையும் தேவலை, கடைசிக் கதை சுத்த மோசம்" என்றார். மூன்றாமவர், "கதைதானே, அதற்கு ஏன் இவ்வளவு யோசனை?" என்றார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெரியவர் சொன்னதுதான் முக்கியமானது. "படம் பொய்யாயிருக்கலாம். எங்கள் சின்னம்மா ஊரில் நடந்தது மெய்" என்றார் அவர்.

முதல் தோழருக்குச் சொல்லுகிறோம். பயம் வராதது ஒரு குற்றமல்ல, வந்தாலும் குற்றமல்ல. ராட்டினத்தில் ஏறி அலறுகிறவனை மூடன் என்று யாரும் சொல்லுவதில்லை. இருட்டும் திடீர்ச் சப்தமும் சேர்ந்தால் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். அது உடம்பின் வேலை. விளக்குப் போட்டதும் அடங்கிவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

இரண்டாவது தோழரின் அபிப்பிராயத்தைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். முதல் கதையில், கவனிப்பார் இல்லாமல் தனி வீட்டில் கிடக்கும் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ் வருகிறாள். மகன் வீட்டில் இருக்கிறான் என்று கிழவி சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அந்த நர்ஸ் கண்ணில் அவன் படுவதேயில்லை. இதிலே பயப்பட வேண்டியது பேய்க்கா, மகனுக்கா? பெற்றவளைத் தவிக்க விட்டுவிட்டுப் பட்டணத்தில் இருக்கிறவர்கள் இரண்டாம் தரம் பார்க்க வேண்டிய கதை இது. மூன்றாவது கதையில் பெரிய ஊர்க்காரர்கள் சின்ன ஊர்க்காரர்களைத் தின்கிறார்கள். அசையாமல், வாய் திறக்காமல் இருந்தால் பிழைக்கலாம் என்று ஒரு சிறுவனும் சிறுமியும் வந்தவனுக்குப் பாடம் சொல்லுகிறார்கள். நம் ஜனங்களுக்கு இந்தப் பாடம் புதியதா? எத்தனை தலைமுறையாக நாம் இப்படித்தானே பிழைத்து வந்திருக்கிறோம்! இரண்டாவது கதையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை; நமக்கும் சொல்ல ஒன்றுமில்லை.

கடைசிக் கதைதான் நமக்குப் பிடிக்காதது. அதற்கு நாம் சொல்லும் காரணம் வேறு. கலியாணமாகி வந்த ஒரு பெண், செத்துப்போன பாட்டியிடம் தன் புருஷன் தினமும் பேசுவதைப் பார்த்து, இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று கேட்கிறாள். கேட்ட கேள்வி நியாயமானது. படம் அவளுக்குக் கொடுக்கும் பதிலோ பாட்டி மெய் என்பது! கேள்வி கேட்டவளையே கதை குற்றவாளியாக்குகிறது. எந்தப் பேய்ப் படத்திலும் "பேயாவது பிசாசாவது" என்று சிரிக்கிற பாத்திரம் ஒன்று இருக்கும். இடைவேளைக்குள் அதன் கதி என்னவாகிறது என்பதை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

பல பேய்க்கதைகளைக் கோத்துச் சொல்லும் வழக்கம் சினிமாக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. விக்கிரமாதித்தன் முதுகில் ஏறிக்கொண்டு வேதாளம் சொன்ன கதைகள் அந்த வகைதான். 11-ம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்தில் அவை இருபத்தைந்தாக இருக்கின்றன. அந்தத் தீர்ப்புகளில் வருணமும் ஜாதியும் எட்டிப் பார்ப்பது உண்மை; அதை நாம் மறைக்கவில்லை. ஆனாலும் அந்த வேதாளம் கதை முடிந்ததும் கேள்வி கேட்டது. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்றது. இக்காலப் பேயோ, கேள்வி கேட்டால் தலை போய்விடும் என்கிறது. ஆயிரம் வருஷத்தில் நம் பேய்கள் அடைந்த அபிவிருத்தி இதுதான்!

இனிப் பெரியவரின் சின்னம்மா ஊருக்கு வருவோம். அந்த அம்மாள் பொய் சொல்லுகிறார் என்று நாம் சொல்லவில்லை. நடுராத்திரியில் விழிப்பு வந்து, கை கால் அசைக்க முடியாமல், நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்து அமுக்குவது போலத் தோன்றியது என்று பலர் சொல்லுவார்கள். அமுக்குவான் பேய் என்று அதற்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள். கனவு காணும் தூக்கத்தில் நாம் எழுந்து ஓடிவிடாதபடி உடம்பின் தசைகள் கட்டுண்டு கிடக்கின்றன. சில சமயம் மூளை முந்தி விழித்துக்கொள்ளும், தசைகள் பிந்திவிடும். மிஞ்சின கனவு கண்ணெதிரே ஆளாக நிற்கும். ஒரு சில நிமிஷத்தில் தானே விலகிவிடும். மாறி மாறி ஷிப்டு பார்த்துத் தூக்கம் கெடுகிறவர்களுக்கு இது வருவதில் ஆச்சரியமில்லை. நம்மவர்களிலேயே சிலர், புளிய மரம் ராத்திரியில் விடும் கரியமில வாயுதான் காரணம் என்று பிரசங்கம் செய்கிறார்கள். தோழர்களே, அதுவும் தப்பு. வெட்டவெளியில் அந்தச் சொற்ப வாயு காற்றோடு கலந்துவிடும்; நெஞ்சை அடைக்காது. பேயை ஓட்ட நாம் இன்னொரு பொய்யைச் சொல்ல வேண்டியதில்லை.

லண்டனில் பேராசிரியர் கிறிஸ்டோபர் பிரெஞ்சும் அவர் கூட்டாளிகளும் ஒரு பரீட்சை செய்து 2009-ல் வெளியிட்டார்கள். ஒரு காலி அறையைக் கட்டினார்கள். காதுக்குக் கேளாத சப்தமும், மின்காந்த அலைகளும் வரும்படி அதில் ஏற்பாடு செய்தார்கள். உள்ளே விநோதமான உணர்ச்சிகள் வரக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லி 79 பேரை ஒவ்வொருவராக அனுப்பினார்கள். அநேகர் ஏதேதோ உணர்ந்ததாக எழுதிக் கொடுத்தார்கள். யாரோ பக்கத்தில் இருப்பதாகச் சொன்னவர்களும் உண்டு. கணக்குப் பார்த்தால் அலை வந்ததற்கும் அவர்கள் உணர்ந்ததற்கும் சம்பந்தமே காணவில்லை! சொல்லி அனுப்பிய வார்த்தையே வேலை செய்திருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்கள். நம் ஊரில் அந்த வார்த்தையைப் பாட்டி சொல்லுகிறாள், பூசாரி சொல்லுகிறான், இப்பொழுது சினிமாவும் சொல்லுகிறது.

இலங்கையில் இருந்த ஆபிரகாம் கோவூர் பேய் வீடு என்று சொல்லப்பட்ட இடங்களில் போய்ப் படுத்துப் பார்த்தவர். ஏமாற்றுக்கு இடமில்லாத நிபந்தனையில் அற்புதம் செய்து காட்டுகிறவருக்கு ஒரு லட்ச ரூபாய் தருவதாக 1963-ல் சவால் விட்டார். 1978-ல் அவர் காலமாகும் வரை அந்தப் பணத்தை ஒரு மந்திரவாதியும் வாங்கவில்லை. ஐந்து ரூபாய்த் தாயத்துக்கு வீடு வீடாக அலைகிறவர்கள் ஒரு லட்சத்தை ஏன் விட்டார்கள்?

"கதைதானே" என்ற மூன்றாவது தோழர் கோபித்துக்கொள்ளக் கூடாது. கதையில் பேய் வருவதை நாம் ஆட்சேபிக்கவில்லை. கடைசி ரீலில் பேயை யார் ஓட்டுகிறார் என்பதைத்தான் பாருங்கள் என்கிறோம். 2005-ல் வந்த "சந்திரமுகி"யில் கதாநாயகன் மனோவைத்தியர். வந்தது பேயல்ல, மனோவியாதி என்று விளக்கமும் சொல்லுகிறார். அப்படியிருந்தும் சொஸ்தம் செய்ய ஒரு மந்திரவாதியின் ஏற்பாடும் கூட வேண்டியிருக்கிறது! டாக்டர் பாதி, மாந்திரீகம் பாதி. கொட்டகையை விட்டு வந்தவன் எந்தப் பாதியை வீட்டுக்கு எடுத்துப் போனான்? 2012-ல் கார்த்திக் சுப்புராஜ் எடுத்த "பீட்சா"வில், ஒரு களவை மறைக்கவே ஒருவன் பேய்க்கதை கட்டுகிறான். பேயால் யாருக்கு லாபம் என்று அந்தப் படம் கேட்க வைத்தது. கடைசியில் அதுவும் பேய்க்கு ஒரு சின்ன வாசலைத் திறந்து வைத்துவிட்டது என்பது வேறு சங்கதி.

2011-ல் வந்த "காஞ்சனா"வையும் சொல்ல வேண்டும். ஒரு திருநங்கையின் நிலத்தை அபகரித்துக் கொலை செய்கிறார்கள். அவள் பேயாக வந்து பழி வாங்குகிறாள். ஜனங்கள் கை தட்டுகிறார்கள். உயிரோடு இருந்தபோது அவளுக்குப் போலீசும் கிடையாது, கோர்ட்டும் கிடையாது, ஊராரும் கிடையாது. செத்த பிறகுதான் நியாயம்! நம் படங்களில் பேயாக வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்களாயிருப்பதேன்? அநியாயமாகச் செத்தவர்களில் பெண்கள் அதிகம் என்பது ஜனங்களுக்கு உள்ளூரத் தெரியும். மாமியார் எதிரில் வாய் திறக்க முடியாத மருமகள், பேய் பிடித்த அன்றைக்குத்தானே "எனக்குக் கோழி வேண்டும், சேலை வேண்டும்" என்று உரக்கக் கேட்கிறாள்? அன்றைக்குத்தானே வீட்டார் அவள் சொல்லுவதைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள்? மற்ற நாட்களில் கேட்டிருந்தால் பேய்க்கு அங்கு வேலையே இல்லை. ஆனால் அப்படிக் கேட்டுவிட்டு என்ன செய்கிறார்கள்? வேப்பிலையால் அடிக்கிறார்கள், மயிரைப் பிடித்து ஆணியில் கட்டுகிறார்கள்.

2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் நடந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தர்காவுக்குப் போனால் பேயும் பைத்தியமும் தீரும் என்று உறவினர்கள் கொண்டுவந்து விட்ட மனோவியாதிக்காரர்களைக் கொட்டகையில் சங்கிலி போட்டு வைத்திருந்தார்கள். விடியற்காலையில் தீப்பிடித்தது. ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். கோவிலானாலும் தர்காவானாலும் சர்ச்சானாலும் சங்கிலி ஒன்றுதான். இதையும் கதைதானே என்று சொல்லுவீர்களா?

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தோழர் எழுந்து, "அப்படியானால் பேய்ப் படங்களைத் தடை செய்ய வேண்டுமா?" என்று கேட்டார். வேண்டாம். எடுக்கட்டும், பாருங்கள், பயப்படுங்கள், மோசமென்றால் மோசமென்று சொல்லுங்கள். வீட்டில் ஒரு பெண் தூங்காமல், தானே பேசிக்கொண்டு, ஒருவர் கண்ணுக்கும் படாததைப் பார்ப்பதாகச் சொன்னால் மாத்திரம், அந்தப் படத்தின் கடைசி ரீலை நினைத்துக்கொண்டு பூசாரி வீட்டுக்குப் போகாதீர்கள். சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற நம்பருக்குப் போன் செய்தாலும் யோசனை சொல்லுவார்கள்; கட்டணமில்லை. மனோவியாதிக்காரரைச் சங்கிலியில் கட்டுவது 2017-ம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். பெரியவரிடமும் இதையே சொன்னோம். அவர் ஒன்றும் பதில் சொல்லவில்லை. கூட்டம் கலைந்த பிறகு வந்து, அந்த நம்பரை ஒரு சீட்டில் எழுதித் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.