துணிவுக்காகக் குடிப்பவர்கள்

(கருவேப்பிலங்குறிச்சியில் நடைபெற்ற இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்று அமைப்பாளர்கள் எனக்கு உரிமை தந்தார்கள். அந்த உரிமையைச் சற்றுக் கூடுதலாகவே எடுத்துக்கொள்கிறேன். ஆண்களை விரும்பும் ஆண்கள், ஆண் பெண் இருபாலாரையும் விரும்பும் ஆண்கள், இவர்களிடையே உள்ள குடிப்பழக்கமும் போதைப் பழக்கமும், அவற்றோடு பின்னிக் கிடக்கும் பாலியல் நலமும் பற்றி இன்று பேச விரும்புகிறேன். இது மருத்துவர் பேச வேண்டிய பொருளாயிற்றே என்று சிலர் முகம் சுளிக்கலாம். மருத்துவர்கள் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சொற்களோடு புழங்குகிற நாம்தான் இதுவரை வாய் திறக்கவில்லை.

தமிழ்க் கவிதைக்குக் கள் புதிதன்று. அதியமான் இறந்தபோது ஔவை பாடிய புறநானூற்றுப் பாட்டில், கள்ளைப் பகிர்ந்துண்ட நினைவே முதலில் வருகிறது. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்தார். காமத்துப்பாலிலோ கள்ளையும் காமத்தையும் அருகருகே நிறுத்திக் காமத்துக்கே மேன்மை தந்தார். இவ்விரு மரபுகளிலும் இடம்பெறாத ஒரு குடி இருக்கிறது. தான் விரும்பும் ஒருவனைத் தொடுவதற்கு முன், அந்த விருப்பத்தைத் தன் கண்ணுக்கே மறைத்துக்கொள்ளக் குடிக்கும் குடி அது. மறுநாள் காலையில் "போதையில் நடந்துவிட்டது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள ஒரு வாசல் வேண்டும். அந்த வாசலுக்கு விலை ஒரு குவார்ட்டர் பாட்டில்.

அந்த வாசல் வழியே நோயும் நுழைகிறது என்பதுதான் துயரம். குடித்தவன் ஆணுறையை மறக்கிறான்; நினைவிருந்தாலும் எடுக்கக் கை எழுவதில்லை. உடல் வலியை உணர்வதில்லை, சிறு கிழிசலும் இரத்தமும் தெரிவதில்லை. ஆசனவாயின் உட்சுவர் மிக மெல்லியது, எச்.ஐ.வி. எளிதில் நுழையக் கூடிய இடம் அது. இன்னொன்றையும் இங்கே வெளிப்படையாகவே சொல்லிவிட வேண்டும். நம் வீடுகளில் கைக்கு எட்டும் தேங்காய் எண்ணெய், ரப்பர் ஆணுறையை இற்றுப்போகச் செய்து கிழித்துவிடும். நீரில் கரையும் வழுவழுப்புக் களிம்பே பொருந்தும். இந்தச் சிறு செய்தி தெரியாமல் ஆணுறை அணிந்தும் நோய்க்கு ஆட்பட வழியிருக்கிறது. சபை நாகரிகம் கருதி இதை விட்டுவிடலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். விட்டுவிட்டால் நான் பேச வந்ததற்கே பொருளில்லை.

இந்நோயின் இந்திய வரலாறு நம் மாநிலத்தில்தான் தொடங்குகிறது. 1986-ஆம் ஆண்டு, சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி செல்லப்பன் நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அவை பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் மாதிரிகள். அன்று முதல் இந்த நோய்க்கு மக்கள் மனத்தில் ஒரு பெண் முகம் ஒட்டிக்கொண்டது. பின்னர் 2000-களின் தொடக்கத்தில் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று சுவர்தோறும் கேட்டார்கள். தமிழகமே அந்தக் கேள்வியைப் பேசியது. விளம்பரக் கலையில் அதுவொரு சாதனை என்றே சொல்வேன். ஆயினும் ஆண்களோடு மட்டும் உறவு கொண்டவன் அதைப் படித்து, தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெண்ணிடம் போனால்தான் வரும், நண்பனிடமிருந்து வராது என்று அவன் நம்பினான். அந்த நம்பிக்கை இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை.

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2021-ஆம் ஆண்டுக் கண்காணிப்புக் கணக்கின்படி, நாட்டின் வயதுவந்தோரில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஏறத்தாழ 0.2 விழுக்காடு. ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களிடையே அது 3.26 விழுக்காடு. பதினைந்து மடங்குக்கும் மேல். இவர்களிற் பலர் மணமானவர்கள் என்பதால் இது மனைவியரின் கணக்கும் ஆகும்.

ஏன் இவ்வளவு குடிக்கிறார்கள் என்று கேட்டால், ஒழுக்கக் கேடு என்று ஒரே சொல்லில் விடை சொல்லிவிடுவது எளிது. சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர் வெங்கடேசன் சக்ரபாணியும் உடன் ஆய்வாளர்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு வேறு திசையில் விடை தேடுகிறது. மனச்சோர்வு, குடி, பிறரால் துன்புறுத்தப்படுதல் ஆகிய மூன்றையும் தனித்தனியே பார்க்காமல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால்தான் நோய் ஆபத்து விளங்கும் என்பது அதன் போக்கு. அடி வாங்கியவன் சோர்கிறான், சோர்ந்தவன் குடிக்கிறான், குடித்தவன் மீண்டும் அடி வாங்கும் இடத்துக்கே போகிறான். "குடிக்காதே" என்ற அறிவுரையை மட்டும் கேட்டவன் மூன்றில் ஒன்றைத்தான் கேட்டிருக்கிறான்.

சட்டமும் நெடுநாள் இவர்களை இருட்டிலேயே வைத்திருந்தது. 1860-இல் ஆங்கிலேயர் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, மனமொத்த இருவரின் உறவையும் குற்றமாக்கியது. 2001-இல் இலக்னோவில், இத்தகைய ஆண்களிடையே எய்ட்ஸ் தடுப்புப் பணி செய்தவர்களையே கைது செய்தார்கள். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. சில ஆண்டுகள் ஒன்றரை நூற்றாண்டு அச்சத்தைக் கரைத்துவிடுமா என்பது ஐயமே.

சொற்களுக்கு வருகிறேன். கவிஞர்கள் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டும். மருத்துவத் துறை இவர்களை "ஆணோடு உறவுகொள்ளும் ஆண்" என்கிறது. செயலைச் சொல்லும் பெயர் அது, மனத்தைத் தொடவில்லை. இம்மனிதர்கள் தங்களுக்குள் கோத்தி என்றும் பந்தி என்றும் டபுள் டெக்கர் என்றும் பெயரிட்டு வழங்கிவந்தார்கள். சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் 2021-இல் விசாரித்த வழக்கின் விளைவாக, 2022-இல் தமிழக அரசு மதிப்பான சொற்களின் பட்டியலொன்றை அரசிதழில் வெளியிட்டது. நீதிமன்றம் சொல் கேட்டு அரசு சொல் தேடியிருக்கிறது. அந்த வேலையில் நம் இலக்கிய அமைப்புகளின் பங்கு என்ன என்று கேட்டால் எனக்குச் சற்றே கூச்சமாக இருக்கிறது.

நம் கவியரங்குகளில் எளிதாகக் கைதட்டல் வாங்கித் தரும் கேலி ஒன்று உண்டு. நடையையும் குரலையும் பற்றிய கேலி. ஓர் எண்ணைச் சொன்னாலே சிரிப்பு எழும். அந்த அவையில் இருக்கும் ஓர் இளைஞனும் எல்லாரோடும் சேர்ந்து கைதட்டுவான். தட்டாவிட்டால் பக்கத்திலிருப்பவர் திரும்பிப் பார்ப்பாரே! அரங்கு முடிந்த பின் நடக்கும் இன்னோர் அரங்கில், நாம் ஊற்றிக் கொடுக்கும் முதல் குவளையை அவன் மற்றவர்களைவிட வேகமாகக் குடிப்பான்.

பெருநகரங்களில் நிலைமை வேறு வடிவம் எடுத்துவருகிறது. இலண்டனில் 56 டீன் ஸ்ட்ரீட் என்னும் மருத்துவமனையில் பணியாற்றிய டேவிட் ஸ்டூவர்ட், உறவுக்காகவே போதைப்பொருள் கொள்ளும் பழக்கத்தைக் கண்டு அதற்கெனத் தனி உதவிப் பணியைத் தொடங்கினார். மெத்தாம்ஃபெட்டமைன், ஜி.எச்.பி. போன்றவை அங்கு உயிர் குடித்தன. ஜி.எச்.பி.யோடு மது சேர்ந்தால் மூச்சே நின்றுவிடக் கூடும். நம் நகரங்களிலும் இது "ஹை ஃபன்" என்ற பெயரில் புழங்குகிறது. தமிழகத்தில் வலிநிவாரணி மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம் தனியே பரவியிருக்கிறது. பகிர்ந்த ஊசி எச்.ஐ.வி.யோடு கல்லீரல் அழற்சிக் கிருமியையும் கொண்டுவரும்.

வழிகள் இல்லாமலில்லை. அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. சோதனை இலவசம். கூட்டு மருந்து சிகிச்சை 2004 முதல் அரசு மையங்களில் இலவசமாகவே தரப்படுகிறது. மருந்தை ஒழுங்காக உண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலை நீடித்தால், உறவின் மூலம் அது பிறருக்குப் பரவுவதில்லை. ஆபத்தான உறவு நேர்ந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கி 28 நாள் உண்ண வேண்டும். எவ்வளவு விரைவோ அவ்வளவு நல்லது. முன்கூட்டியே உண்ணும் தடுப்பு மாத்திரைக்கும் 2022-இல் வழிகாட்டு நெறிகள் வந்துவிட்டன. தொடக்க நிலை மேகப்புண் ஒரு பென்சிலின் ஊசியில் தீரும். குடித்த நாளில் மாத்திரை உண்ணக் கூடாது என்று எண்ணி விட்டுவிடுகிறவர்கள் பலர். அது தவறு, குடித்திருந்தாலும் அன்றைய மாத்திரையை உண்ணத்தான் வேண்டும். ஒருவரது எச்.ஐ.வி. நிலையை அவர் இசைவின்றி வெளியிடுவது, 2018-இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி பொதுவாகத் தடைசெய்யப்பட்டது. சென்னையில் சுனில் மேனன் 1998-இல் தொடங்கிய சகோதரன் அமைப்பு, இத்தகைய ஆண்களிடையே இத்தனை காலமாகப் பணி செய்திருக்கிறது.

ஆனால் நம் பகுதி இளைஞன் விருத்தாசலம் மருத்துவமனைக்குள் நுழையத் தயங்குவான். வரிசையில் சித்தப்பா நிற்பார். கடலூருக்கோ புதுச்சேரிக்கோ பேருந்து ஏறுவான். ஏறுவதற்கு முன் கடைக்குப் போவான்.

வட்டத்தின் படிப்பக அறிவிப்புப் பலகையில் 1097 என்னும் கட்டணமில்லா உதவி எண்ணை எழுதிவைக்கும்படி அமைப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். காரணம் எதையும் அதனடியில் எழுத வேண்டாம்.