ஐந்து வருஷம் நிறையட்டும்

(மாம்புரிக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



ஒரே தோட்டத்தில் இருப்பதா, மாறிப் போவதா என்று எங்களிடம் அடிக்கடி கேட்கிறீர்கள். இருப்பவரை "விசுவாசி" என்றும் மாறுகிறவரை "நிலையில்லாதவர்" என்றும் முதலாளிமார் சொல்வார்கள். அந்தக் காலத்தில் மலைநாட்டில், கடன் தீர்ந்ததென்று 'துண்டு' இல்லாமல் நம்மவர் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல்தான் அந்த முறை ஒழிந்தது. அன்று போகவிடாமல் கட்டிவைத்தார்கள். இன்றோ சில இடங்களில் ஐந்து வருஷம் நிறையுமுன் நிறுத்தி, மறுபடி புதுப் பெயராகப் பதிகிறார்கள். ஏன்?

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருஷம் முடித்தவருக்கு, விலகும்போது சர்வீஸ் காசு உண்டு. நாட்கூலிக்காரருக்கு வருஷத்துக்கு 14 நாள் சம்பளம். பத்து வருஷத்துக்கு 140 நாள். நாலரை வருஷத்தில் விலகினால் அந்தச் சட்டப்படி ஒன்றுமில்லை.

சேமலாப நிதி அப்படியல்ல. முதல் நாளிலிருந்தே நம் சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, முதலாளி தன் பங்காக 12 வீதம் சேர்த்துக் கட்டவேண்டும். நம்பிக்கை நிதிக்கு அவர் மட்டும் 3 வீதம். தோட்டம் மாறினாலும் அந்தக் காசு நம்முடையதே.

ஆகவே, கோபத்தில் வேலையை விடுமுன் வருஷத்தைக் கணக்குப் பாருங்கள். சம்பளச் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். இடையில் நிறுத்தினால் அன்றே சங்கத்துக்குச் சொல்லுங்கள். தொழில் அலுவலகத்துக்குச் சேர்ந்தே போவோம். தென்னைக்கு அடியில் இத்தனை காலம் உழைத்தவர் வெறுங்கையோடு போகக் கூடாது.