கடன் மதிப்பெண்ணும் ஜாமீன் கையெழுத்தும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

  

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

பிள்ளைகளின் மேற்படிப்புக்காக வங்கியை நாடும் பெற்றோர் சிலர், 'உங்கள் சிபில் மதிப்பெண் குறைவு' என்று திருப்பி அனுப்பப்படுகின்றனர். அவர்களுள் தமக்கென ஒரு கடனும் வாங்காதவர்களும் உண்டு. என்றோ ஒருநாள் பிறருக்காக ஜாமீன் கையெழுத்து இட்டதே அவர்கள் செய்தது. எனவே இது பற்றி இன்று சிறிது பேச விரும்புகிறோம்.

'நாம் வட்டிக் கடன் வாங்குவதில்லை. இம்மதிப்பெண் நமக்கு எதற்கு?' எனச் சிலர் கேட்கலாம். வட்டியை விட்டு விலகியிருத்தல் நம் கடமை. அதில் இரு கருத்து இல்லை. ஆயினும் 'வட்டியில்லாத் தவணை' என்று நிதி நிறுவனத்தின் வழியாகக் கைப்பேசி வாங்கினால், அதுவும் கடனாகவே பதிவாகிறது. கிரெடிட் கார்டும் ஜாமீனும் அவ்வாறே.

நம் நாட்டில் சிபில் நிறுவனம் 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. கடன் தகவல் நிறுவனங்களுக்கான சட்டம் 2005இல் இயற்றப்பட்டது. இன்று சிபில் உட்பட நான்கு நிறுவனங்கள் இப்பணியைச் செய்கின்றன. மதிப்பெண் 300 முதல் 900 வரை அமையும். தவணையைக் காலம் தவறாமல் கட்டியதே அதில் முதன்மையாகக் கருதப்படும். கார்டின் வரம்பு முழுவதையும் செலவிடுவதும், குறுகிய காலத்தில் பல இடங்களில் கடன் கேட்பதும் அதனைக் குறைக்கும்.

கடனே வாங்காதவருக்கு மதிப்பெண் இராது. அது குறையன்று. முன்வரலாறு இல்லை என்பதை மட்டுமே காரணமாக்கி முதன்முறை கடன் கேட்போரின் மனுவைத் தள்ளக் கூடாது என ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியுள்ளது. ஆகவே மதிப்பெண்ணுக்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை.

சகோதரர்களே! ஜாமீனை நாம் வெறும் சாட்சிக் கையெழுத்தாக எண்ணி விடுகிறோம். மார்க்கம் அதனைக் கஃபாலத் என்கிறது, அது பொறுப்பேற்பு. கடன் விட்டுச் சென்ற ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்ற பின்னரே நபி (ஸல்) அவர்கள் தொழுகை நடத்தினார்கள் என்பது நாம் அறிந்ததே. நாட்டுச் சட்டமும் இதற்கு மாறுபட்டதன்று. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128ஆம் பிரிவின்படி, கடனாளிக்குள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. அக்கடன் நம் அறிக்கையிலும் இடம்பெறும். அவர் தவறினால் நம் மதிப்பெண்ணும் சரியும். எனவே, அவர் கட்டாவிடில் நம்மால் கட்ட இயலுமா என்று எண்ணிப் பார்த்தே கையெழுத்திடுங்கள். இட்ட பின், தவணை ரசீதை மாதந்தோறும் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

கட்ட இயலாத நிலையில் சிலர், ஒரு பகுதியைக் கட்டி 'செட்டில்மென்ட்' செய்து கொள்கின்றனர். தொல்லை தீர்ந்தது என்றும் எண்ணுகின்றனர். ஆனால் அறிக்கையில் அது 'முடிந்த கடன்' என்று பதிவாகாமல் 'செட்டில்டு' என்றே பதிவாகும். அடுத்த கடன் கேட்கையில் அது தடையாகும். ஆகவே நெருக்கடி தொடங்கும்போதே வங்கியிடம் பேசி, தவணையை மாற்றியமைக்கக் கேளுங்கள். ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினருள் கடனாளியும் ஒருவர். உண்மையான சிரமத்திலிருப்பவர் வெட்கப்படாமல் நிர்வாகிகளிடம் கூறலாம்.

நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. வாங்காத கடனோ, அடைத்த கடனோ நிலுவையாகக் காணப்பட்டால் உடனே எழுத்து மூலம் முறையிடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிடில், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அதற்கும் தீர்வில்லையெனில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். கடன் முடிந்ததும் நிலுவையில்லாச் சான்றைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். அது கடனை எழுதிக்கொள்வது பற்றியதே. எழுத்தையும் கையெழுத்தையும் நம் மார்க்கம் எவ்வளவு பெரிதாகக் கருதுகிறது என்பதை இதனால் உணரலாம்.

வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் கடன் சுமையிலிருந்து காத்து, ஏற்ற பொறுப்பை நிறைவேற்றும் நன்மக்களாக ஆக்கியருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.