மயில்துத்தமும் மலைச்சுனையும்

(ஏற்காட்டில் பஞ்சாயத்து உறுப்பினர்களும் சிறு காப்பி விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



கோடை மழை பெய்து காப்பி பூத்து முடிந்துவிட்டது. பருவ மழைக்கு முன்னர் மருந்து தெளிக்கும் வேலை இனித் தோட்டந்தோறும் தொடங்கும். எவ்வளவு தெளிப்பது, எப்பொழுது தெளிப்பது என்பவற்றைக் காப்பி வாரியத்தாரும் தோட்டக்கலைத் துறையினரும் நம்மைவிட நன்கு எடுத்துரைப்பர். அம்மருந்தை எங்கே கலப்பது என்பது பஞ்சாயத்தைச் சேர்ந்த விஷயம். அதைப் பற்றிப் பேசவே நாம் வந்துள்ளோம்.

சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்தது 1820-ஆம் ஆண்டை ஒட்டி, சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரையின் காலத்தில். அதன் பெரும்பகையாகிய இலைத்துரு நோய் 1869-ல் இலங்கையில் கண்டறியப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் அத்தீவின் காப்பித் தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்தன. அங்கே பாடுபடச் சென்றிருந்த நம் தமிழ் மக்களே அவ்விடங்களில் தேயிலை நட்டனர். இலையின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறப் பொடியாகத் தோன்றும் இந்நோயைத் தாங்கள் யாவரும் அறிவீர்கள். இலையில் ஈரம் நின்றால்தான் இப்பூசணத்தின் வித்து முளைக்கும்; முளைத்ததும் அடிப்புறத்து நுண்துளை வழியே உட்புகும். உட்புகுந்த பின்னர் மயில்துத்தக் கலவையால் அதனை வெளியேற்ற இயலாது. ஆகவே மழைக்கு முன்பே, இலையின் அடிப்புறம் நனையுமாறு தெளிக்க வேண்டும் என்கின்றனர். சந்திரகிரி போன்று நோயைத் தாங்கும் இரகங்கள் 2007-லிருந்து கிடைத்து வருகின்றன எனினும், பழஞ்செடிகள் உள்ள தோட்டங்களுக்கு மருந்து இன்றியமையாதது.

இக்கலவை பிறந்த கதை சுவையானது. பிரான்சு நாட்டில் போர்டோ நகரை அடுத்த திராட்சைத் தோட்டக்காரர்கள், வழிப்போக்கர் பழத்தைப் பறித்துத் தின்னாதிருக்கும் பொருட்டு, சாலையோரக் கொடிகளில் மட்டும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பூசி வைத்தனர். நீல நிறத்தைக் கண்டால் நஞ்சென்று அஞ்சுவார்களல்லவா! 1882-ல் மில்லர்டே என்னும் பேராசிரியர் அக்கொடிகளில் மட்டும் இலைநோய் இல்லாதிருப்பதைக் கவனித்தார். ஆய்ந்து 1885-ல் முடிவை வெளியிட்டார். திருடர் அஞ்சிய அந்நீல நிறத்தைக் கண்டு நாம் அஞ்சுவதில்லை. ஆண்டுதோறும் கையாளும் பொருளாயிற்றே!

சென்ற ஆண்டு ஓர் ஊருக்குச் சென்றிருந்தோம், பெயர் வேண்டா. ஓடைக்கரையில் இரண்டு பீப்பாய்களை வைத்துக் கலவை தயாரித்திருந்தனர். வேலை முடிந்து பீப்பாயையும் தெளிப்பானையும் அவ்வோடையிலேயே கழுவிவிட்டார்கள். சற்றுக் கீழே குடத்துடன் நின்ற ஓர் அம்மையார் நம்மைக் கண்டதும், "ஐயா, இந்தத் தண்ணியிலே உலை வைக்கலாமுங்களா?" என்று கேட்டார். குடத்தைப் பார்த்தோம், நீர் தெளிவாகவே இருந்தது. ஆயினும் வைக்கலாம் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. கொட்டிவிடச் சொன்னோம். அடுத்த ஊற்றுக்கு அவர் அரை மைல் ஏற வேண்டியிருந்தது.

கரையில் மருந்து கலந்தவர் அவ்வம்மையாரின் தம்பி மகனே. அவரைக் குறை கூறுவதில் பயனில்லை. ஒரு பீப்பாய்க் கலவைக்கு 200 லிட்டர் நீர் வேண்டும். மேட்டில் அவ்வளவு நீரைச் சுமப்பவர் யார்? நீர் இருக்கும் இடத்திற்கு மருந்தைக் கொண்டு போவதே எளிது. இப்பழக்கம் மாற வேண்டுமானால் மருந்து கலக்கும் இடத்திற்கு நீரைக் கொண்டுவர வழி செய்தாக வேண்டும். வெறும் எச்சரிக்கைப் பலகை நட்டு என்ன பயன்?

மயில்துத்தம் என்பது செம்புச் சத்து. சிறிதளவு ஓடையில் கலந்தாலும் மீன்களுக்குக் கேடு. செம்மறியாடுகள் செம்பு நஞ்சை மிகவும் தாங்காதவை. மண்ணில் சேர்ந்த செம்பு மக்கி அழிவதுமில்லை. திருமணிமுத்தாறு இம்மலையில் தோன்றிச் சேலம் நகரின் வழியே காவிரியை அடைகிறது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

கலக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். காப்பிக்கு அரை சதக் கலவை. அதாவது ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, 200 லிட்டர் நீர். மிளகுக் கொடிக்கு ஒரு சதம்; அதே அளவு மருந்துக்கு 100 லிட்டர் நீர். இரண்டும் ஒரே தோட்டத்தில் இருப்பதால் அளவு மாறிவிடுவதுண்டு. துத்தத்தைச் சாக்குத் துணியில் முடிந்து, முதல்நாள் இரவே நீரில் தொங்கவிட்டால் தானே கரையும். இரும்புப் பாத்திரம் கூடாது. மரம் அல்லது பிளாஸ்டிக் பீப்பாய் வேண்டும். சுண்ணாம்பை வேறாகக் கரைத்துத் துணியில் வடிகட்டி, அதில் துத்த நீரைக் கலக்கியபடியே ஊற்றுக. தீட்டிய கத்தியைக் கலவையில் ஒரு நிமிடம் வைத்தெடுத்தால் செந்நிறம் படியலாகாது. படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இலை கருகும். கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும்.

தெளிப்பவர் பெரும்பாலும் கூலியாள். அவருக்குக் கையுறையும் கண்ணாடியும் முகத்துணியும் தருவது தோட்டத்துக்காரரின் கடமை, தருமமாகக் கருதலாகாது. போர்ச்சுகல் நாட்டில் பல்லாண்டுகள் இதே கலவையைத் திராட்சைக்குத் தெளித்தவர்களுக்கு நுரையீரல் கெட்டதை 1969-ல் அந்நாட்டு மருத்துவர்கள் எழுதி வெளியிட்டுள்ளனர். எதிர்காற்றில் தெளிக்கலாகாது. தெளிப்பானின் முனை அடைத்துக்கொண்டால் வாயால் ஊதும் வழக்கத்தை நாமே பலமுறை கண்டிருக்கிறோம். ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ் போதுமே! கண்ணில் தெறித்தால் பதினைந்து நிமிடம் நல்ல நீரால் கழுவி, மருத்துவரிடம் செல்ல வேண்டும். யாரேனும் விழுங்கிவிட்டால் உப்புநீர் கொடுத்து வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள். மருந்துப் பையை உடன் எடுத்துக்கொண்டு உடனே புறப்படுங்கள். பெரிய ஆஸ்பத்திரி சேலத்தில் உள்ளது; இடையே இருபது கொண்டை ஊசி வளைவுகள். நஞ்சு அதற்காகக் காத்திராது.

வீட்டில் வைப்பது பற்றியும் ஒரு சொல். 1958-ல் கப்பலில் பாரத்தியான் என்னும் பூச்சிமருந்தோடு சேர்த்து ஏற்றப்பட்ட உணவுப் பொருளை உண்டு, கேரளத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வருவதற்கு அத்துயரமும் ஒரு காரணம். ஆனால் நம் வீட்டு அரிசி மூட்டைக்கு அருகில் துத்தப்பை இருக்கிறதா என்று பார்க்க எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. குளிர்பானப் புட்டியில் கரைசலை ஊற்றி வைப்பது அதனினும் கொடிது. குழந்தைகளுக்கு அந்நீல நிறம் சர்பத்தாகவே தோன்றும்.

இன்னொன்று. மிஞ்சிய துத்தத்தைப் படர்தாமரைக்குத் தேய்த்துக்கொள்வோர் சிலர் உளர். இலைப்பூசணத்துக்கு ஆகும் மருந்து உடம்புக்கு ஆகாது, புண்ணாகிவிடும். கடையில் பெயர் சொல்லி வாங்கும் களிம்பையும் நம்பாதீர்கள். பலவற்றில் ஸ்டீராய்டு கலந்துள்ளது; அரிப்பு அடங்கும், பூசணமோ பரவும். மருத்துவர் சீட்டின்றி அவ்வகைக் களிம்புகளை விற்கலாகாது என 2018-ல் மத்திய அரசு விதித்ததும் இதனாலேயே. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

இனி, பஞ்சாயத்து செய்ய வேண்டியதைச் சொல்லி அமைகிறோம். ஒவ்வோர் ஊரிலும் ஓடைக்கும் ஊற்றுக்கும் ஐம்பது மீட்டராவது தள்ளி, நீர் வழிந்து ஓடையில் சேராத சமதளமாக, மருந்து கலக்கும் இடம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அங்கே ஒரு நீர்த்தொட்டியும், மேல் ஊற்றிலிருந்து அதற்கொரு குழாயும், பீப்பாய் கழுவிய நீர் இறங்க ஒரு குழியும் வேண்டும். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நீர் சுமக்கும் பெண்களையும் தவறாமல் கேளுங்கள். எவ்வூற்று எப்பக்கம் வழிகிறது என்பது நம் வரைபடத்தைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அடுத்த கூட்டத்தில் இடங்களைக் குறித்துக் கொடுங்கள். ஒன்றியப் பொறியாளரை உடனழைத்துக்கொண்டு, மழை பிடிக்கும் முன்னர் ஒவ்வோர் இடத்திற்கும் நாமே வந்து பார்க்கிறோம்.