லாயத்தில் ஒரு சிகிச்சை

(ஆஸ்பத்திரி ஆதரவாளர் கூடுகையில் மனநலப் பிரிவு மருத்துவர் ஆற்றிய உரை)



யோபு 39-ஆம் அதிகாரத்தில் போர்க்குதிரையைப் பற்றிக் கர்த்தர் பேசுகிற பகுதியை நீங்கள் வாசித்திருப்பீர்கள். இன்று நான் சொல்லப்போவது வேறொரு குதிரையைப் பற்றி. போரிலிருந்து வீடு திரும்பியும் போரை விட்டு வெளியே வர முடியாத மனிதனுக்குத் துணை நிற்கிற குதிரை அது.

முதல் உலகப் போரில் இந்த நோயை ‘ஷெல் ஷாக்’ என்றார்கள். கோழைத்தனம் என்று பழித்தவர்களும் உண்டு. 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. அதிர்ச்சிக்குப் பின்வரும் மன அழுத்த நோய் என்று தமிழில் சொல்லலாம்.

இது எப்படி இருக்கும்? ஜூலை 4 அமெரிக்காவின் சுதந்திர தினம். ஊரெல்லாம் வாணவேடிக்கை. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இருந்து வந்த சில பழைய வீரர்களுக்கோ அந்த இரவு தாங்க முடியாததாகிவிடுகிறது. ஓட்டலுக்குப் போனால் வாசலைப் பார்த்து, சுவரில் முதுகு சாய்த்துத்தான் உட்காருவார்கள். தூக்கத்தில் அலறுவார்கள். சொந்தப் பிள்ளை ஓடிவந்து கட்டிக்கொண்டாலும் உள்ளே ஒன்றும் அசையாது. இதுதான் குடும்பத்தாருக்கு அதிக வேதனை.

பேச்சு சிகிச்சையும் மருந்தும் உண்டு. பலருக்குப் பலனும் தருகின்றன. ஆனால் நடந்ததை மறுபடி மறுபடி சொல்ல வேண்டுமே என்று பாதியில் நின்றுவிடுகிறவர்களும் பலர்.

குதிரைகளைக் கொண்டு இவர்களுக்கு உதவும் முயற்சிகள் அமெரிக்காவில் பல இடங்களில் நடந்துவந்தன. மனம் தேறியது என்று சாட்சி சொன்னவர்கள் உண்டு. அளந்து பார்த்தவர்கள் குறைவு. 2015-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் இதை முறைப்படி ஆராயத் தொடங்கியது. ‘மேன் ஓ வார்’ என்ற புகழ்பெற்ற பந்தயக் குதிரையின் பெயரையே அந்தத் திட்டத்துக்கு வைத்தார்கள். யுவால் நேரியா, புரூடென்ஸ் ஃபிஷர் இருவரும் தலைமை தாங்கினார்கள்.

சவாரி செய்ய வைப்பார்கள் என்றுதான் நாம் நினைப்போம். இங்கே சவாரியே கிடையாது. வாரம் ஒரு முறை, ஒன்றரை மணி நேரம், எட்டு வாரங்கள். வீரர்கள் சிறு குழுவாக லாயத்துக்கு வருவார்கள். குதிரையை முதலில் பார்ப்பார்கள். பிறகு கிட்டப் போவார்கள், பிரஷ்ஷால் தேய்த்துவிடுவார்கள், தலைக்கயிறு பிடித்து நடத்துவார்கள். நாள் ஆக ஆக, கயிறு இல்லாமலே அதைத் தங்கள் பின்னால் வரச் செய்யப் பார்ப்பார்கள். மனநல நிபுணர் ஒருவரும் குதிரை பழக்கத் தெரிந்த ஒருவரும் கூடவே இருப்பார்கள்.

ஏன் குதிரை? நாய் போதாதா என்று கேட்கலாம். நாய் நம்மிடம் தானாக வாலாட்டிக்கொண்டு வரும். குதிரை அப்படி அல்ல. அது வேட்டையாடப்படுகிற ஜாதி. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். காதுகள் ஓயாமல் திரும்பும். ஆபத்து என்று பட்டால் ஓடிவிடும். எப்போதும் எச்சரிக்கையாகவே இருக்கிற அந்த வீரனைப் போலத்தான் அதுவும். மனிதன் தோளை விறைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு போனால் குதிரை விலகும். அவன் தன் உடம்பைத் தளர்த்தினால்தான் அது நிற்கும். ஏறக்குறைய 500 கிலோ எடையுள்ள பிராணியைப் பலத்தால் பணிய வைக்க முடியாது. “அமைதியாக இரு” என்று நாம் நூறு தரம் சொல்லிக் கேட்காததை அவன் தன் உடம்பாலேயே கற்றுக்கொள்கிறான்.

2021-இல் முடிவுகள் வெளிவந்தன. சேர்ந்தவர்கள் 63 பேர், பெண்களும் இருந்தார்கள். பாதியில் விட்டவர்கள் 5 பேர் மட்டுமே. எட்டு வார முடிவில் 32 பேருக்கு நோயின் கடுமை குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது அந்த எண்ணிக்கை 34.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, குதிரையிடம் போகாத இன்னொரு குழுவை அந்த ஆய்வில் வைக்கவில்லை. ஆகவே பலன் முழுவதும் குதிரையால் வந்ததா, எட்டு வாரம் ஒருவரோடொருவர் கூடியதால் வந்ததா என்று அதைக்கொண்டு பிரித்துச் சொல்ல முடியாது. ஏறக்குறைய பாதிப்பேருக்கு அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. இதைக் கேட்டுவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

“அப்படியானால் நம் ஆஸ்பத்திரிக்கும் ஒரு குதிரை வாங்கித் தரட்டுமா?” என்று அன்போடு கேட்டார் நம் ஆதரவாளர் ஒருவர். இப்போது வேண்டாம் என்பதே என் பதில். பழகிய குதிரையும் பயிற்சி பெற்ற ஆளும் இல்லாமல் தொடங்கினால் நோயாளிக்கும் ஆபத்து, அந்த வாயில்லா ஜீவனுக்கும் கஷ்டம். அதே காணிக்கையில் மனநல ஆலோசகர் ஒருவரை வைத்துக்கொள்ள முடிந்தால், வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே முகத்தைப் பார்க்க நோயாளிகள் வந்து போகலாம்.

இதை விசுவாசக் குறைவு என்று சொல்கிறவர்கள் நம் சபைகளிலும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சூரைச்செடியின் கீழ் சாக விரும்பிப் படுத்த எலியாவை ஆண்டவர் முதலில் கேள்வி கேட்கவில்லை. தூங்கவிட்டார், தூதனை அனுப்பித் தட்டி எழுப்பினார், அடையும் தண்ணீரும் கொடுத்தார். பேச்செல்லாம் ஓரேபுக்குப் போன பிறகுதான்.

உங்கள் சபையில் ஓய்வுபெற்ற ராணுவக்காரர் யாராவது இரவில் அலறி எழுகிறார் என்றால், சத்தம் போடாதே என்று அதட்டாதீர்கள். போரில் என்ன நடந்தது என்று தோண்டிக் கேட்கவும் வேண்டாம். அவரோடு துணைக்கு வந்து, நம் வெளிநோயாளர் பிரிவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.