கச்சேரிக்கு எத்தனை ஒலிபெருக்கி?

வைகாசிப் பிரம்மோற்சவத்தில் காஞ்சி வரதராஜப் பெருமாள் கருட வாகனத்தில் எழுந்தருளும்போது, முன்னே திவ்யப் பிரபந்த கோஷ்டியும் பின்னே வேத பாராயண கோஷ்டியும் செல்ல, நடுவே நிற்கும் பக்தரின் செவிக்கு இருபுறமிருந்தும் கோஷம் வந்து சேர்கிறது. ஐந்து ஒலிபெருக்கிகளும் ஒரு சப்-வூபரும் கொண்ட 5.1 சரவுண்ட் அமைப்பு வீட்டுக் கூடத்தில் உண்டாக்க முயல்வது இத்தகைய அனுபவத்தையே. திரைப்படத்துக்கு அது மிகவும் உகந்தது.

கச்சேரி வேறு விஷயம். காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை பிடில், மிருதங்கம், கடம், கஞ்சிரா, கொன்னக்கோல் என்று பெரும் பக்கவாத்தியக் கோஷ்டியோடு பாடிய காலத்திலும், அத்தனை நாதமும் ரசிகர்களுக்கு எதிரேயிருந்த ஒரே மேடையிலிருந்துதான் பிறந்தது. அம்மேடையில் வித்துவான்கள் இடமும் வலமுமாக அமர்ந்திருப்பதைச் செவிக்குப் புலப்படுத்துவதே, 1931-இல் ஆலன் பிளம்லைன் என்ற ஆங்கிலேயர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஸ்டீரியோ முறையின் சாராம்சம். டி.கே. பட்டம்மாளின் பழைய இசைத்தட்டுகளோ ஒற்றைத் தடத்தில் பதிவானவை. பதிவில் இல்லாததைப் பின்சுவரிலிருந்து எழுப்புவதால் சங்கீதத்துக்கு யாதொரு லாபமுமில்லை.

தறி பாதி இடத்தை அடைத்துக்கொண்ட நெசவாளர் இல்லத்திலும், இரண்டு பெட்டிகளைச் செவி மட்டத்தில், சுவரிலிருந்து சற்றுத் தள்ளி, கேட்பவரோடு சமபக்க முக்கோணமாக அமைத்துவிடலாம். பாட்டுக் கேட்கவே வாங்குகிறவர்கள், ஆறு பெட்டிகளுக்கு ஒதுக்கிய பணத்தில் தரமான இரண்டை வாங்குங்கள்.