ஓய்வறியா உடம்பு

1991-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் தேதி, சனிக்கிழமை. அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ், கேம்ப் டேவிட் ஓய்வு மாளிகையில் மெல்லோட்டம் ஓடிக்கொண்டிருந்தார். பிற்காலத்தில் அதிபரான மகன் அல்ல, அப்பா புஷ். அப்போது அவருக்கு வயது 66. ஓட ஓட மூச்சு வாங்கியது, நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொண்டது. உடனே கடற்படை மருத்துவமனையில் சேர்த்தார்கள். மாரடைப்பாக இருக்குமோ என்று ஊரெல்லாம் பேச்சு. மூன்று நாளில் விடை வந்துவிட்டது. கோளாறின் வேர் இதயத்தில் இல்லை, கழுத்தில் இருந்தது. தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரந்துகொண்டிருந்தது. அந்த நோய்க்கு கிரேவ்ஸ் நோய் என்று பெயர்.

அவருடைய மனைவி பார்பராவுக்கு அதற்கு முன்பே இதே நோய் வந்து, சிகிச்சையும் நடந்திருந்தது. ரத்த சம்பந்தம் இல்லாத கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே நோய் எப்படி வரும் என்று சந்தேகப்பட்டு, அவர்கள் குடியிருந்த வீடுகளின் குடிநீரைக்கூட எடுத்துச் சோதித்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. இது ஒட்டிக்கொள்ளும் நோய் அல்ல. இருவருக்கும் வந்தது தற்செயல் என்றுதான் முடிவு கட்ட வேண்டியிருந்தது.

எனக்கு அதைவிடப் பெரிய ஆச்சரியம் ஒன்று உண்டு. கூப்பிடு தூரத்தில் எப்போதும் மருத்துவர் இருக்கும் மனிதர் அவர். அதே நோயைப் பார்த்த வீடு அது. அப்படியிருந்தும் இதயம் தடுமாறுகிற வரைக்கும் யாருக்கும் பொறி தட்டவில்லை. இந்த நோயின் ஒவ்வொரு அறிகுறிக்கும் அன்றாட வாழ்க்கையில் ஒரு சமாதானம் கைவசம் இருப்பதுதான் அதற்குக் காரணம். இளைத்தால் அலைச்சல், வியர்த்தால் வெயில், தூக்கம் வராவிட்டால் கவலை, எரிந்து விழுந்தால் சுபாவம். இப்படித் தனித்தனியாகச் சமாதானம் சொல்லிக்கொண்டே போனால் நோய் ஒருநாளும் பிடிபடாது.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தைராய்டு, குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாயை ஒட்டி இருக்கிற சின்னச் சுரப்பி. எடை 20 கிராம் அளவில்தான். உடம்பு எவ்வளவு வேகத்தில் எரிபொருளைச் செலவழிக்க வேண்டும் என்பதை அதன் ஹார்மோன் தீர்மானிக்கிறது. அந்த ஹார்மோன் எவ்வளவு வேண்டும் என்பதை மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, டி.எஸ்.எச். என்ற தூதுவனை அனுப்பிச் சொல்லும். கிரேவ்ஸ் நோயில், கிருமிகளோடு சண்டை போட வேண்டிய நம் நோய் எதிர்ப்பு மண்டலம் வழிதவறி ஓர் ஆன்டிபாடியை உருவாக்குகிறது. அது டி.எஸ்.எச். போய்ப் பொருந்த வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. வாசலில் நின்று காலிங் பெல்லில் வைத்த விரலை எடுக்காத ஆள் மாதிரி. சுரப்பி சுரந்துகொண்டே இருக்கிறது. பிட்யூட்டரி பதறிப்போய் டி.எஸ்.எச்.சை நிறுத்திப் பார்க்கிறது, பலனில்லை. இந்தச் சூட்சுமத்துக்கு முதல் துப்பு 1956-இல் நியூசிலாந்தின் டனீடின் நகரில் ஆடம்ஸ், பர்வஸ் என்ற இரு ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது. நோயோ அதற்கு முன்பே தெரிந்ததுதான். 1835-இல் டப்ளின் மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ், கழுத்து வீங்கி நெஞ்சு படபடத்த பெண்களைப் பற்றி எழுதினார். ஒரு பெண்ணின் இதயத் துடிப்பு, நான்கு அடி தள்ளிக் காதை வைத்தாலும் கேட்டது என்று அவர் குறித்திருக்கிறார்.

இனி அறிகுறிகள். நம் ஊரில் தைராய்டு என்றாலே உடம்பு பருத்துவிடும், சோம்பல் வரும் என்று ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. அது சுரப்பு குறைந்தால் வருவது. கூடினால் எல்லாம் தலைகீழ்.

வழக்கத்தைவிட அதிகமாகப் பசிக்கும். இரண்டு இட்லி சாப்பிட்டவர் நான்கு சாப்பிடுவார். ஆனால் தாடை எலும்பு தெரிய இளைத்துக்கொண்டே போவார். வயிற்றில் பூச்சி இருக்கும் என்று மருந்து கொடுப்பார்கள். கண்பட்டுவிட்டது என்று சுற்றிப் போடுவார்கள். சர்க்கரை இருக்குமோ என்று ரத்தம் பார்ப்பார்கள். அந்தப் பரிசோதனை அவசியம்தான், ஏனென்றால் சர்க்கரை நோயும் இப்படித் தின்னத் தின்ன இளைக்க வைக்கும். ஆனால் சர்க்கரை சரியாக இருக்கிறது என்றதும் விஷயத்தை மூடிவிடக் கூடாது.

மற்றவர்கள் போர்வை தேடும் மார்கழி அதிகாலையில் இவர் மட்டும் மின்விசிறியைக் கூட்டச் சொல்வார். உள்ளங்கை எப்போதும் ஈரமாக, கதகதப்பாக இருக்கும். இந்தக் கதகதப்பைக் கவனிக்க வேண்டும். பயத்தில் வியர்க்கிற கை சில்லிட்டிருக்கும், தைராய்டில் வியர்க்கிற கை சூடாக இருக்கும். கைகுலுக்கும்போதே சந்தேகப்படுகிற மருத்துவர்கள் உண்டு. ஒரு நாளைக்கு ஒரு தடவை வெளிக்குப் போனவர் மூன்று நான்கு தடவை போவார். மாதவிலக்கின் அளவு குறையும், நாள் தள்ளிப்போகும். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டும்.

பலரும் சொல்ல மறந்துவிடுகிற ஒன்று, தொடையிலும் தோளிலும் வருகிற பலவீனம். தரையில் உட்கார்ந்தவர் கையை ஊன்றாமல் எழ முடியாது. மாடிப்படி மலைபோலத் தெரியும். பரணில் இருந்து பாத்திரத்தை இறக்கத் தோள் ஒத்துழைக்காது. வயதாகிறது என்று விட்டுவிடுகிறார்கள். முப்பத்தைந்து வயதில் என்ன முதுமை?

மனமும் தப்பாது. சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது, காரணமில்லாமல் அழுவது, பிள்ளைகள்மேல் சீறுவது. உடம்பு களைத்துக் கிடக்கும், மூளை ஓடிக்கொண்டே இருக்கும், படுத்தால் தூக்கம் வராது. இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகமாக வருகிறது. எனவே 'டென்ஷன்', 'மாமியார் பிரச்சினை', 'மாதவிலக்கு நிற்கும் வயது' என்று முத்திரை குத்தப்படுவதும் அவர்கள்தான். மனப் பதற்றத்துக்கு மாத்திரை எழுதும் முன் தைராய்டு ரத்தப் பரிசோதனை ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

கேட்டுக்கொண்டிருக்கிற நீங்கள் இப்போதே ஒரு காரியம் செய்யலாம். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களை விரித்து, மேலே ஒரு வெள்ளைத் தாளை வைக்கச் சொல்லுங்கள். தாளின் ஓரம் சிறகுபோல் வேகமாகப் படபடத்தால், அது கவனிக்க வேண்டிய நடுக்கம். காலையில் கண்விழித்ததும், எழுந்து நடமாடுவதற்கு முன், மணிக்கட்டில் நாடியை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். ஓய்வில் இருக்கும்போதே அது 90, 100 என்று பல நாள் தொடர்ந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதேபோல் கண்ணாடி முன்னால் நின்று தலையைச் சற்று அண்ணாந்து, ஒரு வாய் தண்ணீரை விழுங்குங்கள். குரல்வளைக்குக் கீழே ஏதாவது வீக்கம் மேலேறி இறங்குகிறதா என்று பாருங்கள். இவை எதுவும் நோயை உறுதிப்படுத்தாது. எந்தக் கதவைத் தட்டுவது என்று காட்டும், அவ்வளவுதான்.

கண்ணுக்கு வருவோம். அதிகச் சுரப்புக்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் கண் பிதுங்கினால் காரணம் பெரும்பாலும் கிரேவ்ஸ் நோய்தான். அதே எதிர்ப்பு மண்டலம் கண்ணுக்குப் பின்னால் இருக்கிற தசையையும் கொழுப்பையும் தாக்கி வீங்க வைக்கிறது. மேல் இமை பின்வாங்கி, கருவிழிக்கு மேலே வெள்ளை தெரியும். முறைத்துப் பார்ப்பதுபோல் இருக்கும். கிரேவ்ஸ் நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குக் கண் பாதிப்பு வெளிப்படையாகத் தெரிகிறது. ஆரம்பத்தில் மணல் விழுந்ததுபோல் உறுத்தும், நீர் வடியும். கண்வலி என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருப்பார்கள். சிலருக்குக் கண் முதலில் வரும், மற்ற அறிகுறிகள் பிறகு வரும். ஒரு பொருள் இரண்டாகத் தெரிந்தாலோ, நிறங்கள் மங்கினாலோ, அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். நிறங்கள் மங்குவது, பார்வை நரம்பு நசுங்குவதன் அடையாளமாக இருக்கலாம். இன்னொன்று, புகைபிடிப்பவர்களுக்கு இந்தக் கண் நோய் வரும் வாய்ப்பும் அதிகம், தீவிரமும் அதிகம். சிகரெட்டை விடுவதற்கு இன்னொரு காரணம் தேடுகிறவர்களுக்கு இது போதும்.

ஆண்களுக்கு வராது என்று நினைத்துவிடாதீர்கள். ஆசிய நாடுகளைச் சேர்ந்த இளம் ஆண்களிடம் இது சில சமயம் பயமுறுத்தும் வடிவத்தில் வெளிப்படும். ராத்திரி கல்யாண வீட்டில் வயிறு முட்டச் சோறும் இனிப்புமாகச் சாப்பிட்டுப் படுத்தவர், விடியற்காலை எழ நினைத்தால் கால் அசையாது. நினைவு தெளிவாக இருக்கும், பேச்சும் இருக்கும். ரத்தத்தில் பொட்டாசியம் சடாரென்று இறங்கியிருக்கும். பக்கவாதம் என்று குடும்பமே அலறும். மருத்துவமனையில் பொட்டாசியத்தைச் சரிசெய்தால் சில மணி நேரத்தில் எழுந்து நடப்பார். வந்த வழியே வீட்டுக்குப் போய்விடாமல் தைராய்டையும் பார்த்தாக வேண்டும். இல்லையென்றால் அது திரும்ப வரும்.

வயதானவர்களிடமோ நேர்மாறு. பலருக்குப் படபடப்பு, நடுக்கம் எதுவும் இருக்காது. பசி குறையும், இளைப்பார்கள், ஒரு மூலையில் சுருண்டு கிடப்பார்கள். புற்றுநோயாக இருக்குமோ என்று தேடுவார்கள். இதயம் ஒழுங்கு தப்பித் துடிப்பது மட்டுமே தடயமாக இருக்கலாம். அப்படித் துடிக்கிற இதயத்துக்குள் ரத்தம் உறைந்து, மூளைக்குப் போய் அடைத்தால் உண்மையிலேயே பக்கவாதம் வரும்.

பிள்ளை பெற்ற தாய்மாரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிரசவமான சில மாதங்களில் படபடப்பும் இளைப்பும் வந்தால், குழந்தை தூங்க விடுவதில்லை என்று விட்டுவிடுகிறோம். அது கிரேவ்ஸ் நோயாகவும் இருக்கலாம், சுரப்பி வீங்கி, சேர்த்து வைத்த ஹார்மோனைக் கசிய விடுகிற வேறொரு தன்னெதிர்ப்பு நோயாகவும் இருக்கலாம். கசிவு தானாக நிற்கும், பிறகு சுரப்பு குறைந்துபோகவும் கூடும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு வேறு. கிரேவ்ஸ் நோய் இருந்த பெண் கருவுற்றால், தைராய்டையே அறுவை செய்து எடுத்திருந்தாலும் சரி, மருத்துவரிடம் அதைச் சொல்லியாக வேண்டும். ஆன்டிபாடி ரத்தத்தில் மிச்சமிருந்தால் அது குழந்தையிடம் போய்ச் சேரும்.

கண்டுபிடிப்பது கடினமில்லை. ரத்தத்தில் டி.எஸ்.எச். மிகக் குறைந்தும், தைராய்டு ஹார்மோன்கள் கூடியும் இருக்கும். அந்த ஆன்டிபாடியையே அளக்கவும் பரிசோதனை வந்துவிட்டது. இங்கே ஒரு விசித்திரத்தைச் சொல்ல வேண்டும். முடி கொட்டுகிறது என்று பலர் பயோட்டின் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அதிக அளவு பயோட்டின் சில ஆய்வக முறைகளில் முடிவைத் திரித்துவிடும். நோயே இல்லாதவருக்கு கிரேவ்ஸ் நோய் இருப்பதுபோல் அறிக்கை வரும். எனவே ரத்தம் கொடுக்கும் முன், பயோட்டின் சாப்பிடுவதை மருத்துவரிடம் சொல்லி, இரண்டு நாளாவது நிறுத்தி வையுங்கள்.

சிகிச்சைக்கு மூன்று வழிகள். மாத்திரை, கதிரியக்க அயோடின், அறுவை சிகிச்சை. புஷ் தம்பதிக்குக் கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள். அதன் பிறகு பெரும்பாலும் சுரப்பு குறைந்துவிடுவதால் ஆயுளுக்கும் தைராக்சின் மாத்திரை போட வேண்டியிருக்கும். கண் பாதிப்பு தீவிரமாக இருப்பவர்களுக்கு அயோடின் அதை மோசமாக்கலாம் என்பதால் மருத்துவர்கள் யோசிப்பார்கள். நம் ஊரில் பெரும்பாலும் முதலில் கார்பிமசோல் மாத்திரைதான். சாதாரணமாக ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை. சில வாரங்களில் உடம்பு தேறியதும், சரியாகிவிட்டது என்று நிறுத்திவிடுகிறவர்கள் ஏராளம். முழுக்காலமும் சாப்பிட்டவர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது. இடையில் விட்டால் கேட்கவே வேண்டாம்.

அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. மிகச் சிலருக்கு, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள், அது ரத்தத்தின் வெள்ளை அணுக்களை அடியோடு குறைத்துவிடும். காய்ச்சலும் தொண்டை வலியும் அதன் அடையாளம். சளிக்காய்ச்சல்தானே என்று கஷாயம் வைத்துக் குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். மாத்திரையை அப்போதே நிறுத்திவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய், கார்பிமசோல் சாப்பிடுகிறேன் என்று சொல்லி, வெள்ளை அணுக்களை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.